மழைத் தண்ணீருக்கும் ஒரு பேரேடு உண்டு

கடையொன்றை வாடகைக்கு எடுக்கும்போது நாம் எத்தனையோ விடயங்களை விசாரிக்கிறோம். முற்பணம் எவ்வளவு, சனநடமாட்டம் எப்படி, லொறி நிறுத்த இடமுண்டா என்றெல்லாம் கேட்கிறோம். ஆனால், அடைமழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று கேட்பவர்களை நான் அரிதாகவே காண்கிறேன்.

2010 நவம்பரில் ஒரே இரவில் கொழும்பில் 400 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் சிக்கியது. அதன் பின், 2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனுதவியுடன் கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. வெள்ளத் தடுப்பே அதன் முக்கிய நோக்கமாகும்.

நகரமொன்றின் வடிகாலமைப்பைத் திட்டமிடும்போது பொறியியலாளர்கள் கணினியில் ஒரு கணக்குப் பார்க்கிறார்கள். அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் 1971இல் வெளியிட்ட 'ஸ்வம்' என்ற மென்பொருள் இதற்குப் பெயர்பெற்றது. அது இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. நகரைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, கொங்கிரீட் எவ்வளவு, வெறும் மண் எவ்வளவு, சரிவு எந்தப் பக்கம், கானின் அகலம் என்ன என்று பதிகிறார்கள். பின்னர் மழையின் அளவைக் கொடுத்தால், எந்தக் கான் எப்போது நிரம்பி வழியும் என்பது தெரிந்துவிடும்.

நமது பேரேடும் இதுவும் ஒன்றுதான். மழை வரவு. மண் உறிஞ்சுவதும் கான் கொண்டு செல்வதும் செலவு. மிஞ்சும் இருப்பு கடைக்குள் வருகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 10 பேர்ச் காணியில் ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், விழும் தண்ணீர் சுமார் 12,600 லீற்றர். மண் தரையாக இருந்தால் அதில் ஒரு பகுதியை நிலம் உறிஞ்சிக்கொள்ளும். முழுவதும் கொங்கிரீட் போட்டால் ஏறக்குறைய அத்தனையும் தெருக்கானுக்கே போகும். அவ்வாறு 50 காணிகள் சேர்ந்தால் 6 இலட்சம் லீற்றரைத் தாண்டிவிடும். கானை அகலமாக்கினால் மட்டும் போதாது. அது போய்ச் சேரும் வாய்க்காலின் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீர் பின்னோக்கியே வரும்.

இன்னொரு விடயம். கொழும்பில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கான் வேறு. கூரைப் பீலியைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்தால், மழை நாளில் அந்தக் குழாய் தாங்காது. அசுத்த நீர் மலசலகூடத்தின் வழியாக மேலே பொங்கும். நஜீஸ் பட்ட அரிசி மூடையை யாருக்கு விற்பது?

எனவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன் அயல் கடைக்காரர்களிடம் வெள்ளம் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று கேளுங்கள். கடைத் தரை வீதியைவிட உயரமா என்று பாருங்கள். சரக்கைத் தரையில் வைக்காமல் பலகைத் தட்டின் மேல் அடுக்குங்கள். காப்புறுதியில் வெள்ள அனர்த்தமும் அடங்குகிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

பொலித்தீனைக் கூட்டிக் கானுக்குள் தள்ளுவதையும் நிறுத்த வேண்டும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று நமது மார்க்கம் கற்பிக்கிறது. கானை அடைப்பவர் அயலவரின் கடைக்குள் வெள்ளத்தை அனுப்புகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.