அம்பு பட்ட நிலம்

இலங்கைக்கு வழி வேண்டிக் கடற்கரையில் மூன்று இரவுகள் காத்திருந்த இராமபிரான், கடலரசன் வாராமை கண்டு வெகுண்டு வில்லெடுத்த கதையை நேயர்கள் அறிவார்கள். கடலரசன் அஞ்சி வெளிப்பட்டான். ஆயினும் நாணில் ஏறிய அம்பு வீணாகலாகாது. அந்த அம்பு எங்கே சென்றது என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை.

வால்மீகி அதனை யுத்த காண்டத்தில் கூறுகிறார். வடக்கே துருமகுல்யம் என்னுமிடத்தில் ஆபீரர் முதலிய தீவினையாளர் தன் நீரைப் பருகுகின்றனர் என்றும், அவர்கள் தீண்டுவதைத் தான் பொறுக்கவில்லை என்றும் கடலரசன் முறையிடுகிறான். அம்பு அங்கே விழுகிறது. நீர் வற்றி நிலம் மருகாந்தாரம் எனப் பெயர் பெறுகிறது. இராஜஸ்தானத்துத் தார்ப் பாலையே அது என்பது மரபு. அம்பு துளைத்த வாயில் பாதாள நீர் பொங்கிக் கிணறாயிற்று. அக்கிணற்றின் பெயர் விரணம். புண் என்று பொருள். இதனினும் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை.

கதை இவ்வளவில் முடியவில்லை. எரித்தவனே வரமும் தருகிறான்: இந்நிலம் கால்நடைக்கு ஏற்றதாகுக, நோய் குறைக, பாலும் நெய்யும் தேனும் கனியும் கிழங்கும் மருந்துப் பூண்டுகளும் நறுமணமும் மிகுக. (வடமொழியில் மரு என்றால் வறண்ட நிலம், தமிழில் அச்சொல்லுக்கு நறுமணம் என்பதும் பொருள். இது வெறும் ஒலியொற்றுமைதான். எனினும் மொழிபெயர்ப்பாளன் காதுக்கு இனிக்கிறது.)

இவ்வரம் யாருக்குப் பயன்படும்? பாலும் நெய்யும் மேய்ப்பாரின் செல்வம். ஆபீரரோ ஆனிரை மேய்த்த குலத்தார் எனப் பெயர் பெற்றவர். பழி சுமத்தப்பட்டவரின் வாழ்வே வரமாக மொழியப்படுகிறது! நிலம் வறண்டதற்கு அங்கு வாழ்வோரின் பாவமே காரணம் என்பது, வயலும் ஆறும் உடையோர் தொலைவிலிருந்து கூறும் தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. மகாபாரதமும் சரஸ்வதி நதி மணலில் மறைந்ததற்குச் சூத்திரர், ஆபீரர் மீது அவள் கொண்ட வெறுப்பையே காரணமாகக் காட்டுகிறது.

உண்மைக் காரணம் காற்றில் உள்ளது. அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்றின் போக்கிற்கு ஏறக்குறைய இணையாக ஆரவல்லி மலைத்தொடர் கிடப்பதால், அக்காற்றைத் தடுத்து மழை பெய்விக்க அதனால் இயலவில்லை. ஜெய்சல்மேரில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டரே. கடலும் அங்கு ஒரு காலத்தில் இருந்ததுண்டு. ஜெய்சல்மேர்ச் சுண்ணாம்புக் கல்லில் கடற்சிப்பிகள் பதிந்துள்ளன. ஆனால் அக்கடல் மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னரே விலகிவிட்டது.

வரத்தின் பகுதி மட்டும் இன்றும் மெய்யாக நிற்கிறது. வறட்சியைத் தாங்கிப் பால் சுரக்கும் தார்ப்பார்க்கர் பசுவினம் இம்மணலுக்கே உரியது. சேவண் புல் அதற்குத் தீனி. விரணத்தை ஒத்த கிணறுகளும் உண்டு. அங்கே ஆழத்து நீர் பெரும்பாலும் உப்பு. சில இடங்களில் மணலுக்கடியில் ஜிப்சப் படுகை ஒன்று குறுக்கே கிடந்து, மழையின் ஈரம் அவ்வுப்பு நீரோடு கலவாமல் காக்கிறது. அப்படுகை வரையில் ஓர் ஆள் மட்டுமே இறங்கத்தக்க குறுகிய குழியைத் தோண்டி, உட்சுவர் கட்டுகின்றனர். குயீ என்பது அதன் பெயர். சுற்றியுள்ள மணலின் ஈரம் துளித்துளியாக அதனுள் கசிகிறது. ஒரு நாளில் சில குடங்களே கிடைக்கும், ஆனால் நன்னீர்.