ஸ்போர்ட்ஸ் காரின் உள்ளலங்காரம்

டில்லியில் 1964 முதலும் கொல்கத்தாவில் 1968 முதலும் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை பழைய மோட்டார் வண்டிகளின் ஊர்வலங்களை நடத்தி வந்திருப்பதை அந்நகரங்களில் வாழும் தமிழன்பர்கள் அறிவார்கள். இத்தகைய காட்சிகளில் வண்டியைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம், பளபளக்கும் முகப்பையும் சக்கரங்களையும் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடும். விஷயமறிந்தவரோ கதவருகே குனிந்து உள்ளே நோக்குவார். ஆசனத்தின் தையல், தரைவிரிப்பின் ஓரம், ஸ்விட்சுகளின் வடிவம் ஆகியவற்றை நிதானமாகக் கவனிப்பார். அவற்றில் அவர் எதைத் தேடுகிறார்?

இதனை விளக்க ஒரு வண்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜாகுவார் தொழிற்சாலையில் உருவாகி, 1961 மார்ச்சு மாதம் ஜினீவாவில் உலகுக்கு அறிமுகமான 'ஈ-டைப்' என்னும் ஸ்போர்ட்ஸ் கார் அது. அதன் நீண்ட மூக்கையும் 3.8 லிட்டர் எஞ்சினையும் புகழ்ந்தவர் பலர். உள்ளே அமர்ந்தாலோ விமானத்தின் ஓட்டுநர் அறையில் இருப்பது போன்ற உணர்வு தோன்றும். ஓட்டுபவருக்கு நேரே வேகமானியும் எஞ்சின் சுற்றுமானியும் பெரிதாக இருக்கும். சுற்றுமானிக்குள்ளேயே ஒரு சிறு கடிகாரமும் உண்டு. நடுவில் சிறிய மானிகள். அவற்றின்கீழ் விரலால் மேலும் கீழும் தள்ளும் குச்சி ஸ்விட்சுகளின் வரிசை. அந்த நடுப்பலகை மரமுமன்று, தோலுமன்று. புள்ளிபுள்ளியாக அழுத்திய அலுமினியத் தகடு. ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பு மரத்தாலானது. அதன் மூன்று ஆரங்களோ துளையிட்ட அலுமினியம். வண்டியின் உடலை வகுத்த மால்கம் சேயர் முன்னர் விமானக் கம்பெனியில் பணியாற்றியவர். அந்த வாடை உள்ளேயும் புகுந்துவிட்டது போலும்!

இவ்வமைப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. முதலில் வந்த வண்டிகளின் தரை தட்டையாக இருந்தமையால் நெடிய உருவம் படைத்தோர் கால் நீட்ட இடமின்றித் தவித்தனர். எனவே 1962-இல் கால் வைக்குமிடத்தில் பள்ளம் அமைத்தனர். அலுமினியத் தகட்டின் புள்ளிகளுக்குப் பதிலாகக் குறுக்கு நெடுக்குக் கோடுகள் வந்தன. 1964-இல் 4.2 லிட்டர் வண்டி வெளிவந்தபோது அத்தகடே மறைந்து நடுப்பலகை கறுப்பாயிற்று. நெடுந்தூரம் சென்றவர்களின் முதுகை வருத்திய பழைய மெல்லிய ஆசனங்களுக்கு மாறாக வசதியான ஆசனங்களும் அப்பொழுதே வந்தன. 1968-இல் அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்விட்சுகள் விபத்தில் காயம் விளைக்கும் என்று கருதப்பட்டதால், தட்டையாக அமுங்கும் ஸ்விட்சுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஆகவே, உள்ளே ஒருமுறை நோக்கினாலே வண்டியின் வயதை ஏறக்குறையக் கூறிவிடலாம். 1961-ஆம் ஆண்டு வண்டி என்று ஒருவர் விலை சொல்லும்போது, உள்ளே கறுப்புப் பலகை இருக்குமானால் வாங்குபவர் சற்று நின்று யோசிப்பது நலம்.

புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. உயர்ந்த வண்டியென்றால் உள்ளே எங்கும் தோலே இருந்திருக்க வேண்டும் என்று எண்ணி, மூலை முடுக்கெல்லாம் தோல் போர்த்திவிடுகிறார்கள். அக்காலப் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில், உடல் படும் ஆசன முகப்பில் மட்டுமே தோல் இருந்தது. மற்ற இடங்களுக்குத் தோலைப் போன்ற செயற்கைத் துணியே போதும் என்று விட்டுவிட்டனர். ஈ-டைப் வண்டியின் சாமான் வைக்கும் இடத்தில் கம்பளம்கூட இல்லை. 'ஹார்டூரா' எனப்படும், அடியில் கம்பளிப் படலம் ஒட்டிய வினைல் விரிப்பே இருந்தது. அங்கே தடித்த கம்பளம் விரித்தால் பார்வைக்கு அழகுதான். ஆனால் அது ஒருபோதும் இல்லாத அழகு. சிக்கனமும் வண்டியின் சரித்திரத்தில் ஒரு பகுதியல்லவா?

எது பழையது என்று அறிவது எங்ஙனம்? ஆசனத்தின் அடியிலும் கதவுப் பலகையின் பின்புறத்திலும் வெயில் படாத துண்டு ஏதேனும் இருக்கும். மங்காத மூல நிறத்தை அதில் காணலாம். ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளை, தொழிற்சாலைப் பதிவேட்டின்படி வண்டியின் வெளி நிறத்தையும் உள்ளலங்கார நிறத்தையும் குறித்துச் சான்றிதழ் வழங்குகிறது. இவ்விரண்டும் ஒத்துப்போனால் ஐயம் பெரும்பாலும் தீரும்.

எஞ்சின் உறுப்பு தேய்ந்தால் அதே அளவில் மற்றொன்று கடைந்துகொள்ளலாம். அறுபது ஆண்டுகள் மனிதர் அமர்ந்து மென்மையாகி, வெடிப்போடிய தோலை எவராலும் புதிதாகச் செய்ய இயலாது. ஜாகுவாருக்குத் தோல் அளித்த கொனொலி நிறுவனம் 1878-இல் லண்டனில் தோன்றியது. அதன் தோல் தொழிற்சாலை 2002-இல் மூடப்பட்டது. எனவே, கிழியாத தோலைத் துடைத்து, எண்ணெய்ப் பதம் ஊட்டி, பிரிந்த தையலை மட்டும் பழைய துளைகளின் வழியே மீண்டும் தைப்பதே சிறந்தது என்பது என் கருத்து. முற்றும் மட்கியதை மாற்றத்தான் வேண்டும். அதில் பிடிவாதம் கூடாது.

நம் நாட்டில் வெயிலும் மழைக்கால ஈரமும் தோலுக்குப் பகை. இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுந்திருந்த காலத்தில் உள்ளூர்த் தையல்காரர் ரெக்ஸின் போர்த்திய வண்டிகளும் உண்டு. அந்த ரெக்ஸினை அவசரப்பட்டு உரித்தெறியலாகாது. அதன் அடியில் பழைய தோல் அப்படியே இருக்கக்கூடும். வண்டியைத் தையல்காரரிடம் ஒப்படைக்குமுன் உட்புறம் முழுவதையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு துண்டையும், அது எவ்வளவு கிழிந்திருந்தாலும், இடம் குறித்த சீட்டுடன் ஒரு பெட்டியில் போட்டுத் திருப்பித் தருமாறு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.