உடன்கற்றோர் உரைக்கும் பாயிரம்

தன்னைத் தானே புகழ்ந்துரைத்தல் தகாது என்பது தமிழ்ப் புலமை மரபில் வேரூன்றிய விதியாகும். எல்லையற்ற கலைகளைக் கற்றுத் தெளிந்து நூல் செய்ய வல்லவனாயினும், அவன் தன் பெருமையைத் தன் வாயாற் கூறுதல் கூடாது என்று, 13 ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் வரையறுத்தார். அங்ஙனமாயின், நூலொன்று தோன்றிய செய்தியை உலகுக்கு யார் அறிவிப்பது? அதற்கும் அவரே விடை தந்தார். நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் என்னும் நால்வருக்கும் அந்நூலுக்குப் பாயிரம் உரைத்தல் கடனாகும் என்றார்.

இந்நால்வருள் இன்று நாம் சிந்திக்க வேண்டியவன் உடன்கற்றவனே. ஆசிரியன் உயர்ந்த நிலையினன். மாணாக்கன் பணிந்த நிலையினன். உரைகாரன் பின்னே வருபவன். உடன்கற்றவன் ஒருவனே ஒத்த நிலையினன். அதே துறையில் அதே புகழை நாடி நிற்பவனும் அவனே. ஆகவே போட்டியாளனாய் மாறுதற்கு மிக அணித்தாக உள்ளவனும் அவனே. அத்தகையவனைப் பார்த்துத் தோழனது ஆக்கத்தை உலகுக்கு எடுத்துரைப்பது உனக்குக் கடன் என்று விதித்த நுட்பம் வியத்தற்குரியது.

இவ்விதியை இன்று நினைவூட்ட வேண்டிய தேவை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள கோப்பாயை எடுத்துக்கொள்வோம். ஆசிரிய கலாசாலையாற் பெயர் பெற்ற ஊர் அது. திராவிடப் பிரகாசிகை என்னும் நூலை இயற்றிய சபாபதி நாவலரைத் தந்த ஊரும் அதுவே. அங்கும் அயலூர்களிலும் உள்ள இளைஞர் பலருக்கு இன்று கைத்தொலைபேசியே ஏடும் எழுத்தாணியுமாகிவிட்டது. சமையல், பயிர்ச்செய்கை, பாடசாலைப் பாடம், ஊர்ச் செய்தி ஆகியவற்றைக் காணொளியாக்கி வெளியிடுவோர் ஒருசாரார். பனங்கட்டி, ஒடியல்மா, கைத்தையல் முதலிய சிறுதொழிற் பொருள்களுக்கு இணையத்தின் வழியே வாடிக்கையாளரைத் தேடிக் கொடுப்போர் மற்றொரு சாரார். முன்னையோரை உள்ளடக்கப் படைப்பாளர் என்றும், பின்னையோரை டிஜிட்டல் சந்தைப்படுத்துநர் என்றும் உலகம் அழைக்கின்றது.

இத்தொழில் வெளிப்பார்வைக்கு ஆரவாரம் மிக்கது. உள்ளே நோக்கினாற் பெரிதும் தனிமையானது. இதில் இருப்போர் பலருக்குக் காரியாலயம் இல்லை. தவறு கண்டவிடத்துத் திருத்த ஒரு மேலாளர் இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. யூடியூப் நிறுவனம் தன் விளம்பர வருவாயிற் பங்கு தர வேண்டுமாயின், ஒருவருடைய அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரரேனும் இருத்தல் வேண்டும். அத்துடன் கடந்த 12 மாதங்களில் அவருடைய காணொளிகள் 4,000 மணிநேரம் பார்க்கப்பட்டிருத்தல் வேண்டும். அன்றேற் குறுங்காணொளிகள் 90 நாள்களில் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருத்தல் வேண்டும். தமிழில் மட்டும் பேசும் ஒரு கிராமத்து இளைஞன் இவ்வெல்லையைத் தனியே எட்ட முயன்று, எட்டுவதற்கு முன்னரே சோர்ந்து கைவிடுதல் எளிது. அவன் கைவிடும்போது, அவன் ஊரைப் பற்றி அவன் சொல்லவிருந்தவையும் சொல்லப்படாமற் போகின்றன.

இங்கே ஒரு குறுக்குவழி தோன்றுகின்றது. நீ என் அலைவரிசைக்குச் சந்தாதாரனாகு, நான் உன்னுடையதற்கு ஆகின்றேன் என்னும் பண்டமாற்றே அது. ஒருவர் ஆக்கத்தை மற்றவர் பார்ப்பதுமில்லை, படிப்பதுமில்லை. எண்ணிக்கை மட்டும் உயரும். இத்தகைய மாற்றுச் சந்தாவை யூடியூப் தன் விதிகளில் வெளிப்படையாகவே தடுத்துள்ளது. தடை இல்லாவிடினும் அதனாற் பயன் இல்லை. பார்க்காத சந்தாதாரர் ஆயிரவர் இருப்பினும், பார்க்கப்பட்ட மணிநேரம் ஒன்றேனும் கூடாதன்றோ? பரஸ்பரப் புகழ்ச்சி வேறு. பரஸ்பர உதவி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையைப் பற்றிய பெரும் மயக்கமாகும்.

உண்மையான உதவி எத்தகையது என்பதை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கோப்பாயிலிருந்து அதே வீதியில் நீர்வேலியைக் கடந்தாற் சிறுப்பிட்டி வரும். 1832 இல் அவ்வூரிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை இளமையிற் கோப்பாயில் ஆசிரியராக இருந்தவர். பின்னர்ச் சென்னை சென்று, அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றும் பணியில் ஈடுபட்டார். 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தபோது, அதனைப் பரிசோதித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பதிப்பித்து வெளியிட்டவர் தாமோதரம்பிள்ளை. ஒருவர் பிழை களைந்தார். ஒருவர் வெளியீட்டுச் சுமையைத் தாங்கினார். இதனால் எவருடைய புகழ் குறைந்தது? 1887 இல் அவர் கலித்தொகையை வெளியிட்டபோதும், ஏடு தந்து உதவியோரைப் பதிப்புரையிற் குறித்து நன்றி கூறினார். பெற்ற உதவியைப் பெயர் சொல்லிக் கூறுதல் பெரியோர்க்கு இழுக்கன்று என்பதற்கு இது சான்று.

இருபதாம் நூற்றாண்டில் இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1943 இல் யாழ்ப்பாணத்து இளம் எழுத்தாளர் சிலர் கூடி மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். கோப்பாயில் வாழ்ந்த பஞ்சாட்சர சர்மா, அ. செ. முருகானந்தன், வரதர் எனப் பெயர் பெற்ற தி. ச. வரதராசன், நாவற்குழியூர் நடராசன் முதலியோர் அதிற் பங்குகொண்டனர். அச்சேற்றும் வசதி வாய்க்குமுன் தம் ஏட்டைக் கையெழுத்துப் பிரதியாகவே நடத்தினர். கையெழுத்துப் பிரதியின் முதல் வாசகர் யார்? உடனெழுதுவோரே. ஒருவர் கதையை மற்றவர் படித்துக் குறை கூறவும் நிறை கூறவும் அங்கே வாய்ப்பு இருந்தது. மறுமலர்ச்சி என்னும் அவ்வேடு 1946 இல் அச்சு வாகனம் ஏறி 1948 வரை வெளிவந்தது. ஆயுள் குறுகியதே, ஆயினும் ஈழத்து இலக்கிய வரலாறு எழுதுவோர் அக்காலப் பகுதிக்கே மறுமலர்ச்சிக் காலம் என்று பெயர் வழங்குகின்றனர். தனித்தனியே எழுதியிருப்பின் தனித்தனிப் பெயர்களாய் நின்றிருப்பர். கூடி நின்றமையால் ஒரு காலத்தின் பெயராயினர்.

எழுத்தாளர் கதை கிடக்கட்டும். கோப்பாய்த் தோட்டக்காரரும் இதனை நன்கு அறிவர். நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் துலாவினால் இறைத்த காலத்தில், ஒருவன் தனியே நின்று தன் தோட்டம் முழுவதையும் நனைத்தல் அரிது. துலாவின் மேல் ஏறி மிதிப்போர், பட்டை பிடித்து இறைப்பவர், வாய்க்காலில் நீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்புவோர் எனப் பலர் வேண்டியிருந்தனர். பலருக்குப் பொதுவான பங்குக் கிணறுகளில் முறைவைத்து இறைத்தனர். இன்று உன் தோட்டத்துக்கு நான் வந்தால், நாளை என் தோட்டத்துக்கு நீ வருவாய் என்னும் நம்பிக்கையே அவ்வேளாண்மையின் அடிப்படை.

அக்கிணறுகள் இன்னொரு பாடமும் புகட்டுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையினுள் நன்னீரானது உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. மழை ஒன்றே அதற்கு வரவு. ஒருவன் பேராசையால் அளவுக்கு மிஞ்சி இறைப்பானாயின், கீழுள்ள உவர்நீர் மேலெழும். அவன் கிணறு மட்டுமன்றி அயலவன் கிணறும் உவர்க்கும். படைப்பாளர்க்கும் சந்தைப்படுத்துநர்க்கும் பொதுவாயமைந்த நிலத்தடி நீர், வாசகரின் நம்பிக்கையே. தரமற்ற பொருளைத் தோழன் விற்கின்றான் என்பதற்காக நாம் புகழ்ந்தாற் கெடுவது நம் பெயர் மட்டுமன்று. அடுத்த நாள் நல்ல பொருளை நேர்மையாக அறிமுகம் செய்ய வரும் இன்னொருவனையும் மக்கள் நம்பார்.

ஆதலினாற்றான் பழைய இலக்கணம் பாயிரத்துக்குப் புகழ்ச்சியை மட்டும் உரித்தாக்கவில்லை. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை அது தெரிவித்தல் வேண்டும் என்றது. இவற்றை இன்றைய வழக்குக்கு மாற்றிப் பார்த்தல் கடினமன்று. இதனை ஆக்கியவர் யார்? எங்கிருந்து பெற்றார்? எதைப் பற்றியது? யாருக்கு உரியது? அவர்க்கு என்ன பயன்? இவ்வினாக்களுக்கு விடை கூறிப் பரிந்துரைப்பவன் தோழனுக்கும் வாசகனுக்கும் ஒருங்கே உதவுகின்றான். மிக நன்று, அனைவரும் பாருங்கள் என்று மட்டும் எழுதுபவன் இருவருக்கும் உதவாதவனே. கூலி பெற்றுப் பரிந்துரைத்தாயின் அதனையும் வெளிப்படக் கூறுதல் வேண்டும்.

ஒரே ஊரில் ஒரே தொழில் செய்பவனை உயர்த்தினால் நம் வாடிக்கையாளர் அவனிடம் போய்விடாரோ என்று சிலர் அஞ்சலாம். ஒரு சிலர் போதலும் கூடும், அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் நல்ல கதையொன்றைப் படித்தவன் கதை படிப்பதை நிறுத்துவதில்லை; அடுத்த கதையைத் தேடுகின்றான். தொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் தமிழர், ஊரிலிருந்து வரும் ஓர் ஆக்கத்தை நம்பத் தொடங்கினால், மற்றவற்றையும் நாடுவர். இணையத்தில் இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய நாள்களில் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் பெரும்பாலும் தனித்தே எழுதிவந்தார். பின்னர்ப் பலர் வந்து சேர்ந்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் முறையினால் அது இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகமும் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் தன்னார்வலர் உழைப்பினாற் காத்துத் தருகின்றது.

எனவே உதவி என்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. வெளியிடுமுன் தோழன் ஆக்கத்தைப் பார்த்துப் பிழையைத் தனிமையிற் சுட்டிக் காட்டலாம். தன்னால் இயலாத பணியை அது வல்லவனிடம் அனுப்பலாம். நல்ல ஒலிவாங்கி ஒன்றைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தலாம். கற்ற நுணுக்கத்தைப் புதியவர்க்கு ஒளியாமற் சொல்லலாம். பிறர் ஆக்கத்தை எடுத்தாள்வதாயின் அவர் பெயரைக் குறிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காணொளியில் முகம் காட்டிய குற்றத்துக்காகவே ஒரு பெண் இழிசொல்லுக்கு ஆளாகும்போது, அவளுடைய துறைத் தோழர் வாளா இராமல் அவள் பக்கம் நிற்கலாம். அந்த ஒரு நாளில் அவள் தொழிலை விடுவதும் தொடர்வதும் பல வேளைகளில் அவர்களுடைய சொல்லையே பொறுத்திருக்கும்.

தன் திறமையை அறியாதாரிடத்து அதனைத் தானே எடுத்துரைத்தல் குற்றமன்று என்று நன்னூல் விலக்கும் தந்துள்ளது. ஆகவே விளம்பரம் செய்பவர் நாணவேண்டியதில்லை. ஆனால் விலக்கு விலக்கே, விதியன்று. தம்மைப் பற்றி நாள்தோறும் பேசும் நம் இளைஞர், வாரத்துக்கு ஒரு முறையேனும் உடன்கற்ற ஒருவருடைய ஆக்கத்தை முழுமையாகப் பார்த்து, உண்மையான பாயிரம் ஒன்று உரைப்பாராக. அது அவர்கள் செய்யும் தயவன்று, கடன்.