அவ அழறாளா, இல்லையா?

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் லஸ் பக்கம் ஒரு டீ. அது எங்கள் வழக்கம். போன வாரம் கிளாஸைக் கையில் வாங்கியதுமே நண்பர் ஆரம்பித்தார்: "நடக்கறப்பவே ‘பொன்னியின் செல்வன்’ ஒலிப்புத்தகம் மூணு பாகம் கேட்டு முடிச்சாச்சு சார். ஆனா பேத்தி, அதெல்லாம் படிச்ச கணக்குல வராதுங்கறா. நீங்க சொல்லுங்க, வருமா வராதா?"

ஒரு டீயில் முடிகிற பதிலில்லை. இரண்டாவதும் ஆயிற்று. அன்று சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் கேட்ட புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அது தொடங்கியபோது என் அம்மாவுக்கு ஏழு வயது. இதழ் வீட்டுக்கு வந்த அன்று தாத்தா கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாராம். பாட்டி சமையலறை நிலைப்படியில், பிள்ளைகள் தரையில். அம்மா அந்த நாவலைப் படித்தவளா, கேட்டவளா? எதுவாக இருந்தாலும், ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரைமேல் வருவதை இன்றைக்கும் நேரில் பார்த்ததுபோலச் சொல்வாள்.

நாவலாசிரியர் கல்கியின் எழுத்தும் உரக்கப் படிக்கத் தோதானது. வாசகரைக் கூப்பிட்டுப் பேசும்; அத்தியாயத்தை ஒரு முடிச்சில் நிறுத்தும்; முன்னே நடந்ததை நடுநடுவே நினைவுபடுத்தும். ஊஞ்சலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டும். நண்பரின் காதில் தொங்கும் ஒயர் போய்ச் சேருவது அந்த ஊஞ்சலில்தான்.

காது தருகிற லாபம் இன்னொன்று உண்டு. அது தமிழுக்கே உரியது. நம் எழுத்தில் ‘க’ ஒன்றுதான். ‘பீமன் கதை’ என்று அச்சில் இருந்தால் அது பீமனுடைய வரலாறா, அவன் தோளில் சாத்தியிருக்கும் ஆயுதமா? முன்பின் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாய்விட்டுப் படிப்பவர் முதல் எழுத்திலேயே முடித்துவிடுவார். ‘பந்து’ உதைக்கிற பந்தா, உறவுக்காரரா? அதுவும் அப்படித்தான். கண் தயங்கும் இடத்தைக் காது தாண்டிவிடும்.

பேச்சு வழக்கில் வரும் உரையாடலுக்கு இது இன்னும் பொருந்தும். தி. ஜானகிராமன் சென்னை வானொலி நிலையத்தில் கல்வி ஒலிபரப்பில் வேலை பார்த்தவர். அவருடைய ‘மோகமுள்’ நாவலின் சில பக்கங்களைத் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வாசிக்க, 29சி பஸ்ஸில் அடையாறு போகும்போது கேட்டேன். பாபுவும் ரங்கண்ணாவும் பேசும்போது, நான் இருபது வருஷமாகப் படித்தும் என் கண்ணுக்குத் தட்டுப்படாத ஒரு இழுப்பு அந்தப் பேச்சில் இருந்தது. வாக்கியம் முடிந்த பிறகும் கொஞ்சம் நீளுகிற கும்பகோணத்து இழுப்பு. பெசன்ட் நகர் வந்ததுதான் தெரியும். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"அப்ப பேத்தி தோத்துட்டா" என்றார் நண்பர்.

பொறுங்கள் சார் என்றேன். பேத்தி பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது அம்மாதான்.

இரண்டு மாதம் முன்னால் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. சில நாள் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சரி, நான் படிக்கிறேன் என்று அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை எடுத்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கணையாழி இதழில் வந்தது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குடத்தோடு அலையும் பெண்கள், தோண்டிப் போட்ட தெரு. அசோகமித்திரன் தி. நகரில் நெடுங்காலம் இருந்தவர். அந்தத் தெரு எங்களுக்குப் புதிதில்லை.

ஜமுனாவும் தங்கை சாயாவும் பேசிக்கொள்ளும் ஓர் இடம். ஜமுனா சொல்வதை நான் சற்றுத் தழுதழுத்துப் படித்துவிட்டேன் போலிருக்கிறது.

"ஏண்டா, அவ அழறாளா, இல்லையா?" என்றாள் அம்மா.

திரும்பப் பார்த்தேன். அழுகை என்ற சொல்லே அங்கே இல்லை. குரலைத் தட்டையாக்கி மறுபடி படித்தேன்.

"இப்போ கோவமா இருக்காளா?"

அதுவும் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு தொனி வந்துதான் தீரும். தட்டையாகப் படிப்பதும் ஒரு தொனிதான். அசோகமித்திரன் தொனியைத் தீர்மானிக்காமல் விட்டு எழுதியவர். அந்தத் தீர்மானத்தை உங்களிடம் விட்டிருக்கிறார். ஒலிப்புத்தகத்தில் அதை இன்னொருவர் உங்களுக்காக எடுத்துவிடுகிறார். எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும் அது அவருடைய ஜமுனா.

‘தண்ணீர்’ வந்ததும் பத்திரிகையில்தானே என்று நீங்கள் கேட்கலாம். பத்திரிகைதான். ஆனால் ஊஞ்சலைச் சுற்றி உட்கார்ந்து கணையாழி படித்த வீடு எதையும் நான் பார்த்ததில்லை. அது ஒருவர் தனியாக மூலையில் உட்கார்ந்து, பாதியில் நிறுத்தி, சுவரைப் பார்த்துவிட்டு, மறுபடி தொடர்கிற இதழ்.

அதனால் நண்பரிடம் இப்படி முடித்தேன். திருக்குறளில் ‘கல்வி’ ஓர் அதிகாரம், ‘கேள்வி’ தனி அதிகாரம். இரண்டையும் வள்ளுவர் ஒரே கணக்கில் எழுதவில்லை; ஒன்றைக் கணக்கிலிருந்து தள்ளவும் இல்லை. கல்கியைத் தாராளமாகக் கேளுங்கள். ஜானகிராமனைப் படித்துவிட்டு, பிறகு ஒருமுறை கேளுங்கள். அசோகமித்திரனை மட்டும் கண்ணாலேயே பாருங்கள். எதைக் கேட்டாலும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள். படிப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் பாதிக் கதை இருக்கிறது.

அன்று அம்மா, "அந்தப் பக்கத்தை மடிச்சு வை, கண்ணு சரியானப்பறம் நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். போன வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து மொத்தப் புத்தகத்தையும் படித்து முடித்தாள். என்ன, அழறாளா என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அது அவளுக்கே தெரியலடா."