குளிரும் கைகால்களும் மூலிகைத் துணையும்

கெடிலம் கடலோடு கலக்கும் தேவனாம்பட்டினத்தில், மார்கழி விடியற்காலையில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுப்போரின் விரல்கள் மரத்துப்போவது நாம் அறிந்ததே. சிறிது நேரம் கைகளைத் தேய்த்துக் கொண்டால் அவர்களுக்குச் சூடு திரும்பிவிடுகிறது. ஆனால் சித்திரை வெயிலிலும் கைகால் குளிர்ந்தே இருப்போர் உளர். இக்குறை எதனால் வருகிறது, மூலிகைகள் இதற்கு எந்த அளவு துணைசெய்யும் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

குருதியோட்டம்

இதயத்தின் வலப்புறக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று முதன்முதலில் தெளிவாக எழுதியவர், கி.பி. 1288-இல் மறைந்த அரபு மருத்துவ மேதை இப்னு அந்நஃபீஸ் ஆவார். உடல் முழுவதும் குருதி சுற்றிவருவதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார்.

குளிர் தாக்கும்போது உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்கும்பொருட்டு, விரல்களிலுள்ள நுண்ணிய நாளங்கள் சுருங்குகின்றன. இஃது இயற்கையான காவலே. இச்சுருக்கம் அளவு மீறும்போது விரல்கள் முதலில் வெளுத்து, பின் நீலம் பாய்ந்து, இறுதியில் சிவக்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862-இல் இதனை விளக்கினார். இன்றும் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. இரத்தசோகை, தைராய்டுக் குறைவு, நீரிழிவு, புகைப்பழக்கம், சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியனவும் கைகால் குளிர்ச்சிக்குக் காரணமாகலாம்.

அடுக்களையில் உள்ள மருந்து

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்ததே திரிகடுகம். நல்லாதனார் தம் அறநூலுக்கு இம்மருந்தின் பெயரையே சூட்டினார் என்றால், அக்காலத்தே இதற்கிருந்த மதிப்பு விளங்கும். திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயத்தில் சுவனத்துப் பானத்தின் கலவையாக இஞ்சி, ‘ஸன்ஜபீல்’ என்ற பெயரால் சுட்டப்படுகிறது. அச்சொல்லின் மூலம் ‘இஞ்சிவேர்’ என்னும் தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து.

இஞ்சியிலுள்ள இஞ்செரால் என்னும் காரப்பொருள், உலர்ந்து சுக்காகும்போது ஒரு பகுதி ஷோகால் என்னும் மிகு காரப்பொருளாக மாறுகிறது. இவை வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் உடலில் கதகதப்புத் தோன்றுகிறது. மேல்தோல் நீக்கிய சுக்குடன் மல்லியும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சும் சுக்குக் காப்பி, குளிர்காலத்துக்கு ஏற்ற பானம். நீரிழிவு உடையோர் கருப்பட்டியை விலக்குக.

நசுக்கிய பூண்டிலிருந்து தோன்றும் கந்தகச் சேர்மங்கள் குருதி நாளங்களைத் தளர்த்தும் இயல்பின என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இஞ்சி, பூண்டு, வெந்தயம் ஆகியன சேரும் நோன்புக் கஞ்சி பசித்த வயிற்றுக்கு இதமளிப்பதோடு உடலுக்கு வெம்மையும் தருகிறது. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி விரல் நுனியிலிருந்து மேல்நோக்கித் தேய்ப்பதும், நொச்சியிலை இட்டுக் காய்ச்சிய நீரை இளஞ்சூட்டில் ஆற்றிக் கைகால்களை நனைப்பதும் வழிவழி வந்த முறைகள். அயல்நாட்டு ஜிங்கோ இலைச் சாறு விலை மிகுந்ததாயினும், இக்குறைக்கு அதனால் உறுதியான பயன் நிறுவப்படவில்லை.

எல்லை அறிதல்

மூலிகை தீங்கற்றது என்னும் எண்ணம் முழு உண்மையன்று. குருதி உறையாமல் இருக்க ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவற்றை உண்போர் பூண்டையும் இஞ்சியையும் மருந்தளவில் மிகுதியாக உட்கொண்டால் குருதிக்கசிவு நேரலாம். உணவில் சேரும் அளவால் பொதுவாகத் தீங்கில்லை. நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குன்றியவர்களுக்கு வெந்நீர் சுடுவதே தெரியாது. குளிர் போக்கவென்று வைத்த ஒத்தடம் கொப்புளமாகி, புண்ணாகி, காலையே இழக்கும் நிலைக்குத் தள்ளக்கூடும். ஆகவே அவர்கள் வெந்நீர் ஒத்தடத்தையும் கால் ஊறவைத்தலையும் தவிர்த்து, பருத்திக் காலுறை அணிவதே பாதுகாப்பானது.

பீடி, சிகரெட் புகைப்போரின் கைகால் நாளங்களை அடைக்கும் கொடிய நோயை லியோ பியூர்கர் 1908-இல் விவரித்தார். புகையிலையை அறவே விடாதவரை அந்நோயைத் தடுத்து நிறுத்த எந்த மூலிகையாலும் இயலாது. ஒரு காலில் மட்டும் குளிர்ச்சி, நடக்கையில் கெண்டைக்காலில் வலி, ஆறாத புண், கறுத்த விரல் ஆகிய அறிகுறிகள் தோன்றின் கஷாயம் காய்ச்சிக் காத்திராது மருத்துவமனையை நாடுதல் வேண்டும். திடீரென ஒரு கால் வெளுத்துச் சில்லிட்டு வலித்தால் ஒரு மணி நேரமும் தாழ்த்தலாகாது.

நோயுற்றால் மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். முன்னோர் தந்த மூலிகை அறிவைப் போற்றுவதும், அதன் எல்லையறிந்து உரிய மருத்துவரிடம் செல்வதும் அத்தேடலில் அடங்கும். நம் இல்லத்து முதியோரின் பாதங்களை நாள்தோறும் ஒருமுறை தொட்டுப் பார்ப்போம். காலத்தே கண்டறியும் குளிர்ச்சியால் ஒரு காலைக் காக்க இயலும்.