கையால் செய்த சைட்போட்

நமது வீடுகளில் சாப்பாட்டு அறையின் சுவரோரமாக நிற்கும் நீண்ட அலுமாரியைச் 'சைட்போட்' என்கிறோம். மேலே பூச்சாடி, நடுவில் இரண்டு மூன்று லாச்சிகள், கீழே இரண்டு கதவுகள். பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும் பீங்கான்கள், மேசை விரிப்பு, மருந்துத் துண்டு, மின்சாரப் பட்டியல் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கும். கதவு தொங்கும் வரையில், அல்லது மழைக்காலத்தில் லாச்சி இறுகும் வரையில், அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

இயந்திரங்களின் உதவியின்றி, கைக்கருவிகளால் நல்லதொரு சைட்போட் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதை வாசித்துவிட்டு நாம் எல்லோரும் உளி பிடிக்கப் போவதில்லை. என்றாலும் ஒரு பொருள் ஏன் அறுபது வருடம் நிற்கிறது, இன்னொன்று ஏன் மூன்றாவது மழையில் ஊதிப் போகிறது என்பதைத் தெரிந்திருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தரும்.

சொற்களில் இருக்கும் வரலாறு

தளபாடங்களின் வரலாறு நாம் தினமும் பேசும் சொற்களிலேயே இருக்கிறது. அலுமாரி, மேசை, கதிரை ஆகிய மூன்றும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. லாச்சி ஒல்லாந்தர் தந்த சொல். தச்சரையும் மேசனையும் கொழும்பில் 'பாஸ்' என்று கூப்பிடுகிறோமே, அதுவும் தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல்தான். ஆங்கிலத்தில் முதலாளியைக் குறிக்கும் 'பொஸ்' என்பதும் அதே வேரிலிருந்து பிறந்தது. நம் முன்னோர் தச்சரை 'ஓடாவி' என்றார்கள். மரக்கலம் செய்பவர் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு.

1505இல் போர்த்துக்கேயர் வந்தனர். 1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்கும், 1796இல் பிரித்தானியர் கைக்கும் மாறியது. பாயும் பெட்டியும் பெட்டகமும் இருந்த வீடுகளுக்குள் கதிரையும் அலுமாரியும் மெதுவாக நுழைந்தன. வடிவம் வெளிநாட்டுடையதாக இருந்தாலும் மரமும் கையும் இந்த மண்ணுக்குரியவை. சைட்போட்டின் இன்றைய வடிவம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் உருவானது. கட்டடக் கலைஞர் ரொபர்ட் அடம், தளபாட வடிவமைப்பாளர் ஜோர்ஜ் ஹெப்பிள்வைட் ஆகியோரின் பெயர்கள் அதனுடன் இணைத்துப் பேசப்படுகின்றன. ஹெப்பிள்வைட்டின் வடிவ நூல் 1788இல் வெளிவந்தது.

இந்த வரலாற்றைப் பார்க்க நாம் தூரம் போகத் தேவையில்லை. கொச்சிக்கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் முடிக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம் இருக்கிறது. அங்குள்ள பழைய கதிரைகள் புகழ்பெற்றவை. புறக்கோட்டை பிறின்ஸ் வீதியில் 1982இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால நூதனசாலை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வீடாகும். அக்காலத்துக் கட்டில்களும் அலுமாரிகளும் அங்கு பாதுகாக்கப்படுகின்றன. மின்சாரம் இல்லாத காலத்தில் செய்யப்பட்டவை அவை. காலி வீதி வழியே தெற்கே போனால் மொறட்டுவை வரும். தளபாடம் என்றாலே இலங்கையர் நினைவுக்கு வரும் ஊர் அதுதான்.

எந்த மரம்?

நம் நாட்டில் தளபாடத்துக்கு உகந்த மரங்கள் பல. தேக்கு எண்ணெய்ப் பசையுள்ளது, எளிதில் வளையாது, கறையான் இலகுவில் தொடாது. முதிரை பொன்னிறத்தில் மினுங்கும், ஆனால் மிகக் கடினம். பலா முதலில் மஞ்சளாக இருந்து காலம் போகப் போகக் கபில நிறமாகும். மஹோகனி இழைக்க இலகுவானது. கருங்காலியும், கறுப்பும் கபிலமும் கலந்த 'களுமெதிரிய' மரமும் ஒருகாலத்தில் செல்வந்தர் வீடுகளை அலங்கரித்தன. களுமெதிரிய இலங்கையில் மட்டும் வளரும் மரம். அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால் இன்று அருகிவிட்டது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசாங்கம் தடை செய்தது. ஆகவே இன்று நல்ல மரம் தோட்டங்களிலிருந்தும், பழைய வீடுகளை உடைக்கும்போது கிடைக்கும் வளை, கதவு, நிலைகளிலிருந்தும் வருகிறது.

வெட்டிய மரத்தை உடனே பயன்படுத்த முடியாது. பலகைகளாக அறுத்து, இடையிடையே சிறு சட்டம் வைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பழைய வீட்டு மரத்தைப் பாஸ்மார் விரும்புவதற்கு இதுவும் காரணம். அது ஏற்கெனவே பல ஆண்டுகள் காய்ந்திருக்கும்.

மரம் அசைந்துகொண்டே இருக்கும்

தச்சுவேலையின் மிக முக்கியமான பாடம் இதுதான். காய்ந்த மரமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், வறட்சியில் சுருங்கும். நார் ஓடும் நீளப்பக்கத்தில் இந்த மாற்றம் மிகக் குறைவு. அகலப்பக்கத்தில்தான் அதிகம். தேக்கு குறைவாக அசையும் மரம். அப்படியிருந்தும் 18 அங்குல அகலமான தேக்குப் பலகையின் ஈரம் 5 வீதம் கூடினால் அது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் விரியக்கூடும். கொழும்பைப் போன்ற கடலோர ஊரில் இதை மறந்து வேலை செய்ய முடியாது.

நாலு மில்லிமீற்றர் என்ன பெரிது என்று தோன்றலாம். பாறையில் துளையிட்டு, காய்ந்த மர ஆப்பை அடித்து, தண்ணீர் ஊற்றிப் பாறையையே பிளந்தவர்கள் பழைய காலத்துக் கல் வேலைக்காரர். அத்தனை பலம் அந்த விரிவுக்கு உண்டு. விரியும் பலகையை ஆணியடித்து அசையாமல் பிடித்தால் பலகை வெடிக்கும், அல்லது மூட்டு கழலும். எங்கள் வீதியில் பழைய கதவுகள் திருத்தும் வயதான பாஸ் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "மகள், மரத்தோட சண்டை பிடிக்கக் கூடாது. அதுக்குப் போக வழி விடணும்" என்றார். கீழே வரும் வேலை முறைகள் பெரும்பாலும் அந்த வழியை விடுவதற்காகத்தான்.

கருவிகள்

பெரிய பட்டியல் தேவையில்லை. அறுக்க வாள்கள், மட்டமாக்கச் சீவுளிகள், துளை வெட்ட உளிகள், உளியைத் தட்டக் கொட்டாப்புளி, செங்கோணம் பார்க்க மூலைமட்டம், விளிம்புக்குச் சமாந்தரமாகக் கோடு கீறும் கட்டை, பசை காயும்வரை பிடிக்க இறுக்கிகள், தீட்டுக்கல். இவற்றில் தீட்டுக்கல்தான் மற்றவற்றுக்கெல்லாம் தாய். உளியின் வாயை ஏறத்தாழ 25 பாகையில் சாய்த்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுவார்கள். மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க வேண்டும், அதிக பலம் கொடுத்தால் உளி வழுக்கும். அதனால் கூரான கருவியே ஆபத்துக் குறைந்த கருவி.

படிப்படியாக

நாலரை அடி நீளம், ஒன்றரை அடி ஆழம், மூன்று அடி உயரமான சைட்போட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் பலகையை மட்டமாக்க வேண்டும். பலகையின் இரு முனைகளிலும் நேரான இரண்டு சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்கள். இரண்டின் மேல் விளிம்புகளும் ஒரே கோடாகத் தெரிந்தால் பலகையில் முறுக்கு இல்லை. தெரியாவிட்டால் உயர்ந்த மூலைகளைச் சீவுளியால் சீவ வேண்டும். ஒரு முகம் மட்டமானதும் அதிலிருந்தே மற்ற எல்லா அளவுகளும் எடுக்கப்படும்.

அடுத்து உடல். கால்களும் குறுக்குச் சட்டங்களும் துளையும் கழுந்தும் முறையில் பொருத்தப்படும். சட்டத்தின் முனையில் நாக்குப் போலக் கழுந்து வெட்டி, காலில் அதே அளவு துளை வெட்டி நுழைப்பதே இம்முறை. கழுந்தின் தடிப்பு சட்டத்தின் தடிப்பில் மூன்றில் ஒன்று. 21 மில்லிமீற்றர் சட்டத்துக்கு 7 மில்லிமீற்றர் கழுந்து. கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், தானாகக் கீழே விழக் கூடாது. அதுவே சரியான இறுக்கம்.

பசையிட்டு இறுக்கியவுடன் மூலைவிட்டங்களை அளப்பார்கள். எதிர்ப்பக்கங்கள் சமமாக உள்ள நாற்பக்கத்தில் இரு மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம். நாம் கேத்திர கணிதத்தில் நிறுவிய தேற்றம் இங்கே பசை காய்வதற்குள் பயன்பட வேண்டும். சிறு வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தை இறுக்கியால் அழுத்திச் சரி செய்யலாம். காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கதவு சரியாகப் பொருந்துவதும் பொருந்தாததும் இந்தச் சில நிமிடங்களில் தீர்மானமாகிறது.

கதவு சட்டமும் பலகையுமாகச் செய்யப்படும். நாலு சட்டங்களின் உட்பக்கத்தில் ஒரு தவாளிப்பு வெட்டி, நடுப்பலகையை அதற்குள் பசையில்லாமல் நிறுத்துவார்கள். பலகை மழையில் விரிந்தாலும் வெயிலில் சுருங்கினாலும் தவாளிப்புக்குள்ளேயே அசையும். வெளிச்சட்டத்தின் அளவு பெரிதாக மாறாது. பழைய வீட்டுக் கதவுகள் இந்த முறையில் செய்யப்பட்டிருப்பதற்கு அழகு மட்டுமே காரணமல்ல. மேற்பலகையும் அவ்வாறே. அதைச் சட்டத்தில் ஒட்டுவதில்லை. அடியில் சிறு மரக்கட்டைகளால் கவ்வ வைப்பார்கள். பலகை கீழே அழுத்தப்பட்டிருக்கும், ஆனால் அகலவாக்கில் நகரும்.

லாச்சிதான் தச்சரின் பரீட்சைத் தாள். ஒரு நாளில் எத்தனையோ முறை இழுக்கப்படுவதால் முன்பலகை கழன்று வரப் பார்க்கும். அதற்குப் புறாவால் மூட்டு. பக்கப்பலகையின் முனையில் புறாவின் வால் போல விரிந்த பற்களும், முன்பலகையில் அவற்றுக்கேற்ற பள்ளங்களும் வெட்டப்படும். வால் நுனியில் அகலமானதால் இழுக்கும் திசையில் கழலவே முடியாது. கடின மரத்தில் சாய்வு எட்டுக்கு ஒன்று அளவில் இருக்கும். சாய்வு கூடினால் நுனி உடையும், குறைந்தால் பிடிப்பு இல்லை. முதலில் வால்களை அறுத்து, அவற்றையே மற்றப் பலகையின் மேல் வைத்துக் கோடு கீறுவார்கள். அளவுகோலால் மீண்டும் அளந்தால் ஏற்படும் சிறு பிழைக்கு இதில் இடமில்லை.

லாச்சியின் அடிப்பலகையும் தவாளிப்புக்குள் பின்னாலிருந்து செருகப்பட்டுப் பின்பக்கம் மட்டுமே திருகாணியால் பிடிக்கப்படும். ஓடும் இடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் போதும். மிக நுட்பமாகப் பொருந்திய சைட்போட்டில் ஒரு லாச்சியை வேகமாக மூடினால், உள்ளே அமுங்கும் காற்று பக்கத்து லாச்சியைச் சற்று வெளியே தள்ளும்.

இறுதியாகப் பொலிஷ். சீவுளி, அரத்தாள் கொண்டு மெருகேற்றியபின் அரக்குக் கரைசலைத் துணிப்பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாகப் பல முறை பூசுவார்கள். அரக்கு ஒரு சிறு பூச்சி சுரக்கும் பொருள். பூச்சு ஈரத்தை முற்றாகத் தடுக்காது, தாமதப்படுத்தும். வெளிப்பக்கத்துக்கு மட்டும் பூசி உட்பக்கத்தை விட்டால் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரத்தை எடுத்துப் பலகை வளையும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் பூச வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடையில் கண்ணாடி போல மினுங்கும் தளபாடங்கள் பல மரத்தூளைப் பசையுடன் அழுத்திய பலகையில், மரம் போன்ற தாள் ஒட்டிச் செய்யப்பட்டவை. விலை குறைவு என்பது உண்மை. உலர்ந்த இடத்தில் அவை உழைக்கவும் கூடும். ஆனால் விளிம்பு வழியே தண்ணீர் நுழைந்தால் ஊதும். ஊதியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. திருகாணி ஒருமுறை கழன்ற இடத்தில் மீண்டும் பிடிக்காது. வாங்கும்போது லாச்சியை முழுவதும் வெளியே எடுத்து மூலையைப் பாருங்கள். புறாவால் பற்கள் இருக்கின்றனவா, ஆணியா? பின்பக்கத்தையும் அடியையும் பாருங்கள். மேற்பலகையின் மரக்கோடு விளிம்பிலும் தொடர்கிறதா?

நமது சமூகத்தில் கலியாணத்துக்கு முன்பு கட்டில், அலுமாரி, சைட்போட் என்று பெண் வீட்டார் தவணைக்கும் கடனுக்கும் வாங்கும் வழக்கம் இருக்கிறது. அவ்வாறு கொடுக்கத்தான் வேண்டுமா என்பது தனிக் கட்டுரைக்குரிய கேள்வி. ஆனால் கடன் தீருவதற்கு முன்னரே பொருள் பழுதாகிப் போவது எவ்வளவு வேதனை! உம்மாவின், உம்மம்மாவின் காலத்துச் சைட்போட் வீட்டில் இருந்தால், அதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதற்கு முன் ஒரு பாஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். துளையும் கழுந்தும் போட்ட மூட்டைப் பிரித்து மீண்டும் ஒட்டலாம். மரத்தை இழைத்தால் உள்ளே புது மரம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "படிக்காவிட்டால் தச்சு வேலைக்குத்தான் போகணும்" என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒரு லாச்சியைச் செய்யக் கேத்திர கணிதமும் பௌதிகமும் தாவரவியலும் வேண்டும் என்பதை மேலே பார்த்தோம். ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் ஆரம்பமானது. கைத்தொழிலும் கல்வியும் வெவ்வேறு பாதைகள் என்ற எண்ணம் மாறத் தொடங்கியதன் அடையாளம் அது. ஆனால் வீட்டில் நாம் பேசும் பேச்சு மாறினால்தான், பாஸின் மகன் தகப்பனின் தொழிலைச் சொல்ல வெட்கப்படாமல் இருப்பான். உள்ளக வடிவமைப்பும் தளபாட வடிவமைப்பும் பெண் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும் துறைகள். மரம் எவ்வாறு அசையும் என்று தெரிந்தவளே நல்ல வடிவமைப்பாளராக வர முடியும்.

சகோதரிகளே, அடுத்த முறை வீட்டில் லாச்சி இறுகினால் கோபத்தில் இழுக்காதீர்கள். மழைக்காலமா என்று பாருங்கள். ஓடும் இடத்தில் கொஞ்சம் மெழுகுதிரி தேயுங்கள். அப்படியே அதைக் கழற்றி மூலையையும் ஒருமுறை பாருங்கள். பெயர் தெரியாத ஒரு ஓடாவியின் கை வேலை அங்கே இருக்கக்கூடும்.

உயர்தர வகுப்பு மாணவி,
கொச்சிக்கடை.