83 நாள் சம்பளம்

ஒரகடம் கூட்டுரோட்டில் தாம்பரம் பஸ் பிடித்தால் படப்பை, முடிச்சூர் வழியாகத் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம், கடைசியில் ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஷிப்ட் பார்க்கிற ஒருவருக்கு இருமல் முற்றினால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பெரிய நெஞ்சு ஆஸ்பத்திரி அதுதான். டி.பி. மாத்திரைக்கு அங்கே ஒரு பைசா வாங்குவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அப்படித்தான். அப்படியிருந்தும், இந்த நோய் வந்துபோன வீடுகளில் கடன் தங்கிவிடுகிறது. மருந்து இலவசமாக இருக்கும்போது கடன் எங்கிருந்து வருகிறது?

வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். உடல் எடைக்குத் தக்கபடி மூன்றோ நான்கோ மாத்திரை, தினமும். ஆரம்பத்தில் பலருக்குக் குமட்டும், சாப்பாடு இறங்காது, மூட்டு வலிக்கும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகை கொடுக்கிற அறையில், எல்லாருக்கும் ஒரே கழிப்பறை இருக்கிற இடத்தில், அந்த நிறம்கூட ஒரு கவலை. கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டியிருக்கிறது. மாத்திரை அட்டையைத் துணிப்பையின் அடியில் சுருட்டி வைக்க வேண்டியிருக்கிறது. அறையில் தெரிந்தால் அறை போய்விடும், லைனில் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதை அந்த அறையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது சென்னை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆய்வு மையம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், சத்துக் குறைந்த சாப்பாட்டோடு இருந்தார்கள். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் ஒட்டவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. எத்தனையோ லட்சம் பேரைக் குடும்பத்தைவிட்டுப் பிரியாமல் காப்பாற்றிய ஆய்வு அது. அதேசமயம் நோயாளியின் சாப்பாடு, ஓய்வு, போக்குவரத்து, போன சம்பளம் எல்லாம் அன்றிலிருந்து வீட்டுக் கணக்கில் ஏறின.

அந்தக் கணக்கை எழுதிப் பார்த்ததும் அதே சேத்துப்பட்டு நிறுவனம்தான். ராஜேஸ்வரியும் சக ஆய்வாளர்களும் நகரத்திலும் கிராமத்திலும் 304 நோயாளிகளிடம் கேட்டு, 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு நோயாளிக்குச் சராசரிச் செலவும் இழப்பும் சேர்த்து 5,986 ரூபாய். அதில் கையை விட்டுச் செலவானது 2,052. மிச்சம் 3,934 ரூபாய், பெரும்பாலும் வேலைக்குப் போகாததால் வராமல்போன பணம். சராசரியாக 83 வேலை நாட்கள் போயிருந்தன. கடன் 2,079 ரூபாய். பள்ளிக்குப் போன பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினொரு பேர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். இன்னும் எட்டுப் பேர் குடும்பத்துக்குக் கைகொடுக்க வேலைக்குப் போயிருந்தார்கள். பெண் நோயாளிகளில் 15 சதவீதம் பேரைக் குடும்பம் ஒதுக்கியிருந்தது.

கடனை நாலைந்து வருடத்தில் அடைத்துவிடலாம். ஏழாம் வகுப்பில் நின்ற பிள்ளைக்கு அந்த வருடத்தை யார் திருப்பித் தருவது?

இன்றைய ஒரகடத்துக்கு அந்த 83 நாளைப் பொருத்திப் பார்ப்போம். மாதம் 16,000 ரூபாய் வாங்குகிற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் நாளுக்கு 615 ரூபாய். 83 நாளுக்கு 51,000 ரூபாய்க்கு மேல் போகிறது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காசநோய்க்காகப் போனால் அதைப் பேரழிவுச் செலவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர் ஒருவர் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு அந்த எல்லை 38,400 ரூபாய். ஸ்கேனுக்கோ டானிக்குக்கோ ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமலே அந்தக் குடும்பம் எல்லையைத் தாண்டிவிட்டது. 2020-க்குள் உலகில் ஒரு குடும்பம்கூட இந்த நிலைக்கு வரக்கூடாது என்பது அந்த நிறுவனம் வைத்த இலக்கு. இன்றும் பல நாடுகளில் எடுத்த ஆய்வுகளின் சராசரி, ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள்.

நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே பணம் கரைய ஆரம்பித்துவிடுகிறது. இருமல் என்று முதலில் மெடிக்கல் ஷாப், அப்புறம் பக்கத்து கிளினிக், ஒரு ஊசி, ஒரு சிரப், இன்னொரு டாக்டர், ஒரு எக்ஸ்ரே. சளிப் பரிசோதனைக்கு யாராவது அனுப்புவதற்குள் கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்கும். பிறகு மகளிர் குழுக் கடன், அதைக் கட்டத் தண்டல். சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுப்பார்கள். மூன்றாம் மாதம் உடம்பு தேறத் தொடங்கும்போது வட்டி தேறியிருக்கும்.

மாத்திரை முடிந்தால் அட்டையில் ‘குணமடைந்தார்’ என்று எழுதி அனுப்புகிறார்கள். ஆனால் நுரையீரலில் தழும்பு நிற்கும். பழைய ஆள்தான், பழைய வேகம் இருக்காது. பாரம் தூக்குகிற இடத்தில், எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்க்கிற லைனில், மூச்சு வாங்கும். வேறு ஆலைக்கு மாறலாம் என்றால் சேரும்போது மருத்துவப் பரிசோதனை. அங்கே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால், ஆறிப்போன தழும்பும் அதில் தெரியும். அது பழைய தழும்பு, தொற்றாது என்று எழுதிக்கொடுக்க ஒரு மருத்துவர் வேண்டும். அதைப் படித்து நம்ப ஒரு மேலாளர் வேண்டும். ஓவர்டைம் போனாலே வாடகை உதைக்கிற சம்பளத்தில் இது சின்ன விஷயமில்லை.

எழுத்தாளர் புதுமைப்பித்தனை 1948-இல் கொண்டுபோனது இந்த நோய்தான். மனைவியையும் சின்னஞ்சிறு மகளையும் விட்டுவிட்டு 42 வயதில் போனார். அன்று மருந்து கைக்கு வரவில்லை. இன்று மருந்து இருக்கிறது. ஆறு மாதம் வீட்டில் அடுப்பெரியச் சம்பளம் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. இந்த வட்டாரத் தொழிலாளர்களில் பலருக்கு அது தெரிவதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. வைத்தியம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க் காலத்தில் 70 சதவீதச் சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு மேலும் நீளுகிற 34 நோய்களுக்கு நீட்டித்த பலன் இருக்கிறது. 80 சதவீதச் சம்பளம், இரண்டாண்டு வரை. அந்தப் பட்டியலில் காசநோயும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவு, நோய்ப் பலன் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்றே எழுதிவைத்தது.

கஷ்டம் நிபந்தனையில். 80 சதவீதப் பலனுக்கு இரண்டாண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்த நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் சந்தா வேண்டும். எட்டு மாதம் ஒரு கான்ட்ராக்டர், இரண்டு மாதம் ஊரில், அப்புறம் இன்னொரு கான்ட்ராக்டர் என்று ஓடுகிறவருக்கு அந்தத் தொடர்ச்சி எங்கே அறுந்தது என்றே தெரியாது. அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சியில் இருக்கிற பையனும் பெண்ணும் ஈ.எஸ்.ஐ. வரையறைக்குள்ளேயே வருவதில்லை. இதே வட்டாரத்தில், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதியைக் கட்டி 2024-இல் திறந்த மாநில அரசால், காசநோய்க்கு மட்டும் இந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மத்திய அரசிடம் வாதாட முடியும். வாதாட வேண்டும்.

மாநிலம் செய்வதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில், நோய் தெரிந்தவுடன் எடை, ஆக்சிஜன் அளவு, நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். அது உயிரைக் காக்கிற வேலை. மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவி 2018-இல் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. சத்துணவு வீண்போவதில்லை. ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்தபோது, அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு 6,000 ரூபாய் என்பது போன 51,000-இல் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தப் பகுதியில் வேலை பார்க்கிறவர்களுக்கு, அவர்களை அனுப்பிவைத்திருக்கிற வீட்டாருக்கு, இரண்டு விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கிளினிக் கிளினிக்காக அலையாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை கேளுங்கள். அது இலவசம். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற காசநோய் உதவி எண்ணில் கேட்கலாம். அடுத்து, ஈ.எஸ்.ஐ. எண் பத்து இலக்கம் கொண்டது, ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றே ஒன்று. புதுக் கான்ட்ராக்டரிடம் சேரும்போது புது எண் போட விடாமல் பழைய எண்ணையே எழுதிக் கொடுங்கள். கட்டிய சந்தா நாட்கள் அந்த எண்ணில்தான் ஒன்றாகச் சேரும்.